ஐந்தாவது அலசல்

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணி எழுதுகிறேன். அன்றைக்குப் போனைப் பாதியில் வைத்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். போனில் நான் கத்துகிறேன், நீ வாயை இறுக மூடிக்கொள்கிறாய். காகிதத்தில் நான் கத்தினால் பக்கத்து ஷெட்டுக்குக் கேட்காது. நீயும் பதிலுக்கு நாலு வரியாவது எழுதித்தான் ஆகவேண்டும். அதனால் இனி எழுதிக்கொள்வோம்.

நடந்ததை ஆற அமரச் சொல்கிறேன். போன திங்கட்கிழமை தையல் கம்பெனியிலிருந்து நம் சாய யூனிட்டுக்கு ஒரு கட்டு வந்தது. வழக்கமாகச் சாயம் போடத் துணி வரும், இந்தத் தடவை காகிதம். நாற்பத்திரண்டு பக்கம். அவர்கள் எந்தப் பெரிய கம்பெனிக்குச் சட்டை தைத்து அனுப்புகிறார்களோ, அந்தக் கம்பெனி கேட்கிறதாம். ஒரு கிலோ துணிக்குச் சாயம் ஏற்ற எத்தனை லிட்டர் தண்ணீர், பாய்லரில் எதை எரிக்கிறீர்கள், கழிவுநீர் எங்கே போகிறது, சேறு எங்கே போகிறது. நம் டையிங் மாஸ்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, "எனக்குப் பொண்ணு குடுக்கும்போதுகூட எங்க மாமனார் இவ்ளோ கேக்கலம்மா" என்றார். சிரித்துக்கொண்டே கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். கீழே கையெழுத்து. உன் கையெழுத்து.

நாலு வருஷமாக "சும்மா ஆபீஸ் வேலை அண்ணி, காகிதம் பார்க்கிறது" என்று மட்டும்தான் சொன்னாய். அந்தக் காகிதம் இப்போது என் மேஜைமேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால், "ஆபீஸ் விஷயம், பேசக்கூடாது" என்கிறாய். சுருக்கென்றது. அதுதான் வைத்துவிட்டேன்.

பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று மதிப்பு தருவார்களாம். சிவப்பு வாங்கும் யூனிட்டுக்கு ஜூன் மாதத்திலிருந்து துணி அனுப்ப மாட்டேன் என்று தையல் கம்பெனி முதலாளி சொல்லிவிட்டார். நமக்கு வரும் துணியில் முக்கால்வாசி அவருடையது. அது நின்றால் மெஷின் நிற்கும், பதினொரு பேர் நிற்பார்கள்.

தெருவில் இருக்கும் எல்லா யூனிட்டும் 'அறுபது லிட்டர்' என்று எழுதப் போகின்றன. நம் மீட்டர் நூற்றுப் பன்னிரண்டு காட்டுகிறது. உன் அண்ணன், "நாமளும் அறுபதுன்னு போட்டுட்டுப் போவோம். தண்ணி என்ன எந்திரிச்சு வந்து சாட்சி சொல்லவா போகுது?" என்கிறார்.

நீ சொல். எந்த எண்ணைப் போட? ஒரே ஒரு எண். அதற்குமேல் உன்னை எதுவும் கேட்க மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. புத்தகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடாதே.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் பஸ்ஸில் நின்றபடி படித்தேன். கோபம் வந்தது. பிறகு அறைக்கு வந்து மறுபடி படித்தேன். வெட்கமாக இருந்தது.

என் வேலை என்னவென்று இப்போதாவது சொல்லிவிடுகிறேன். நாங்கள் விற்கும் ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு வரிசை உண்டு. கடை, கிடங்கு, கப்பல், தையல் கம்பெனி. அதற்கு அடுத்து இருக்கும் கட்டங்கள் எல்லாம் காலி. துணிக்குச் சாயம் போட்டது யார், நூல் நூற்றது யார், பருத்தி எங்கே விளைந்தது, எங்களுக்குத் தெரியாது. தண்ணீரும் விறகும் அதிகம் செலவாவது அந்தக் காலிக் கட்டங்களில்தான். அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாமல் கடை வாசலில் 'பூமியைக் காப்போம்' என்று பலகை வைப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு வருஷம் கேட்டுக் கேட்டு, இந்தப் படிவத்துக்கு அனுமதி வாங்கியவள் நான்தான்.

அந்தக் கட்டம் ஒன்றில் நீங்கள் இருப்பீர்கள் என்று நினைக்கவில்லை. யாருக்குச் சாயம் போடுகிறீர்கள் என்று நான் ஒருநாளும் உங்களைக் கேட்டதில்லை.

எண் சொல்ல என்னால் முடியாது அண்ணி. மீட்டர் காட்டுவதை எழுதுங்கள். எல்லாரும் அறுபது என்று எழுதினால், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நாங்கள் கோப்பை மூடிவிடுவோம். ஆற்றில் மட்டும் தண்ணீர் குறைந்துகொண்டே போகும். சிவப்பு என்பது தண்டனை இல்லை. அந்த யூனிட்டுக்கு முதலில் உதவி தேவை என்று அர்த்தம். படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் அதைத் தெளிவாக எழுதியிருக்கிறேன்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்,
வாயாடி


ஏப்ரல் 9

அன்புள்ள மூன்றாம் பக்கத்துக்கு,

தையல் கம்பெனி முதலாளி உன்னைப் படிக்கவில்லை. நிறத்தை மட்டும் பார்த்தார்.

நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன். சிவப்பு வந்தது. தெருவில் இருக்கும் பத்தொன்பது யூனிட்டில் நமக்கு மட்டும் சிவப்பு. பக்கத்து ஷெட்டுக்காரர் ஐம்பத்தெட்டரை என்று எழுதிப் பச்சை வாங்கியிருக்கிறார். "அந்த அரை இருக்கு பாருங்க, அதுலதான் சூட்சுமமே. அரை போட்டாதான் அளந்த மாதிரி தெரியும்" என்று என்னிடமே வந்து சொல்லிவிட்டுப் போகிறார். அவரிடம் தண்ணீர் மீட்டரே கிடையாது.

ஜூன் பத்தாம் தேதியோடு துணி நிற்கும் என்று கடிதம் வந்துவிட்டது. மெஷினில் நிற்கும் இரண்டு பேர் வேறு இடத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உன் அண்ணன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு திட்டியிருப்பேன், முடிந்திருக்கும்.

நீ பொய் சொல்லச் சொல்லவில்லை, சரிதான். ஆனால் உண்மையை எழுதச் சொல்கிறவர்களுக்கு, எழுதினால் என்ன ஆகும் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

மேலே இரண்டு வரி கலைந்திருப்பது டீ சிந்தியது. வேறு எதையும் கற்பனை செய்துகொள்ளாதே.

அண்ணி


ஏப்ரல் 13

அன்புள்ள அண்ணிக்கு,

மன்னிப்பை நேரில் கேட்கிறேன். காகிதத்தில் கேட்டால் ரொம்பச் சுலபமாகப் போய்விடும்.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். அந்த நூற்றுப் பன்னிரண்டு லிட்டர் எங்கெங்கே போகிறது? துணி மெஷினுக்குள் போவதிலிருந்து வெளியே வருவதுவரை, ஒன்றுமே தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோல் சொல்லுங்கள். படிவத்தில் நான் மொத்த எண்ணைக் கேட்டேனே தவிர, இதைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வாயாடி


ஏப்ரல் 18

அன்புள்ள வாயாடிக்கு,

ஒன்றுமே தெரியாத ஆளுக்குத்தானே? சொல்கிறேன்.

நான் சொல்வதெல்லாம் ஒரு கிலோ துணிக்கு. முதலில் துணியை வெளுக்க வேண்டும், அப்புறம் சாயத்தில் ஊறவேண்டும். இரண்டுக்கும் சேர்த்து முப்பத்திரண்டு லிட்டர். அதில் மாஸ்டர் கைவைக்க விட மாட்டார். அதற்குப் பிறகு அலசல். துணியில் ஒட்டாத சாயம் வெளியே வரவேண்டும் அல்லவா? ஒரு அலசலுக்குப் பதினாறு லிட்டர், அதுவும் சுடுதண்ணீர். ஐந்து அலசல். எண்பது. ஆக நூற்றுப் பன்னிரண்டு. தண்ணீர் மட்டுமில்லை, அதைச் சூடாக்கும் விறகும் போகிறது.

உன் கடிதம் வந்ததும் மாஸ்டர் ஒரு வேடிக்கை செய்தார். வெளிர் நீலம் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அலசல் தண்ணீரிலும் ஒரு டம்ளர் பிடித்து வரிசையாக வைத்தார். முதல் டம்ளர் நீலம். இரண்டாவதில் நீலம் இருக்கிறதா இல்லையா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவேண்டும். மூன்றும் நாலும் ஐந்தும் குடிக்கலாம்போல் இருந்தன. (குடிக்கவில்லை. உன் அண்ணன் போனார், நான் பிடுங்கி வைத்தேன்.)

பிறகு ஏன் ஐந்து அலசுகிறீர்கள் என்று கேட்பாய். தாளில் இருக்கிறது. ஒவ்வொரு லாட் துணியோடும், எப்படிச் சாயம் போடவேண்டும் என்று சொல்லும் உங்கள் கம்பெனி ஸ்பெக் தாள் வரும். எந்த நிறமாக இருந்தாலும் 'சுடுநீர் அலசல்: 5' என்றுதான் போட்டிருக்கும். மற்றவர்கள் மூன்று அலசிவிட்டு ஐந்துக்கு டிக் போடுகிறார்கள். நமக்கு அது வரவில்லை. தாளில் ஐந்து என்றால் ஐந்துதான். உன் அப்பா காலத்திலிருந்தே இந்த யூனிட் அப்படித்தான். நாலாவது அலசலுக்கு வால்வைத் திறக்கும்போதெல்லாம் மாஸ்டர் முணுமுணுப்பார், "எந்த மகராசி பெத்த புள்ளையோ, உக்காந்த எடத்துல இருந்து இதை எழுதிருக்கு."

வெளிர் நீலத்தின் ஸ்பெக் தாள் ஒன்றை இதனுடன் வைத்திருக்கிறேன். போதுமா?

அண்ணி

(தங்கச்சி, அண்ணன் எழுதுகிறேன். உன் மேல் கோபம் எல்லாம் இல்லை. அண்ணிக்கும் இல்லை. இருக்கிற மாதிரி காட்டுகிறாள், நம்பாதே.)


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணிக்கு,

மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்த மகராசி உங்கள் மாமியார்தான். அவர் பெற்ற பிள்ளை நான்.

நீங்கள் வைத்திருந்த தாளின் மூலையில் சிறிய எழுத்தில் ஒரு குறியீடு இருந்தது. தாளைத் தட்டச்சு செய்தவரின் குறியீடு அது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் தரப் பிரிவில் அதை எனக்குக் கொடுத்திருந்தார்கள். அறுபது நிறங்களின் பழைய தாள்களை ஒரே மாதிரி அமைப்புக்குக் கொண்டுவரச் சொன்னார்கள், ஒரு வாரத்தில். கறுப்பையும் அடர் சிவப்பையும் மட்டும் யாரோ சோதித்து, ஐந்து அலசல் என்று குறித்திருந்தார்கள். மற்ற ஐம்பத்தெட்டிலும் அந்த இடம் காலி. புதிதாகச் சேர்ந்தவள், போய்க் கேட்கக் கூச்சம். காலியாக விட்டால் வேலையை முடிக்காத மாதிரி இருக்கும் என்று பயம். எல்லாவற்றிலும் ஐந்து என்று நிரப்பினேன். அதிகமாக அலசினால் என்ன கெட்டுவிடும் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. யாரும் சரிபார்க்கவில்லை. நாலு வருஷம்.

எத்தனை தண்ணீர் போயிருக்கும் என்று கணக்கிட உட்கார்ந்தேன். பாதியில் பேனாவை வைத்துவிட்டேன். என் தாள் சொன்னபடி செய்தவர்களுக்கு, என் படிவமே சிவப்பு கொடுத்திருக்கிறது. தெருவிலேயே என்னை நம்பியது நீங்கள் மட்டும்தான். அதுவும் இரண்டு தடவை.

நேற்று மேலாளர் அறைக்குப் போய் இரண்டு விஷயம் சொன்னேன். சிவப்பு வாங்கிய யூனிட் என் அண்ணியுடையது. ஐந்து அலசல் என்று எழுதியது நான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல் விஷயத்தை நீ முன்னாடியே சொல்லியிருக்கணும். ரெண்டாவதைச் சொல்லாமலே இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார். "அதனாலதான் சொன்னேன் சார்" என்றேன்.

படிவ வேலையிலிருந்து என்னை விலக்கியிருக்கிறார்கள். வேறு ஒரு பொறியாளர் அம்மா உங்கள் யூனிட்டுக்கு வந்து சோதிப்பார். முடிவு வரும்வரை மதிப்பீட்டைப் பற்றி உங்களோடு நான் பேசவோ எழுதவோ கூடாது. அது நியாயம்தான். எனக்கு இங்கே வேலை இருக்குமா என்பதும் அப்போதுதான் தெரியும்.

ஆகவே இது கடைசிக் கடிதம் இல்லை, ஆனால் கொஞ்ச நாளைக்குக் கடைசி.

உங்கள்,
வாயாடி


மே 12

அன்புள்ள வாயாடிக்கு,

நீ எனக்கு எழுதக்கூடாது. நான் உனக்கு எழுதக்கூடாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை, நாற்பத்திரண்டையும் பார்த்துவிட்டேன். அப்படியும் உன்னை மாட்டிவிட மாட்டேன். இதில் யூனிட்டைப் பற்றி ஒரு சொல் இருக்காது. இது முழுக்க முழுக்க வீட்டுச் செய்தி.

நம் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார். பெரிய பை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். மூன்று நாள் இருந்தார். வந்த நாளிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை வைத்துக்கொண்டு நம் 'வீட்டுத் துணிகளை' எல்லாம் தேய் தேய் என்று தேய்த்தார். வெளிர் நிறங்கள் இரண்டு தடவை அலசினாலே வெள்ளைத் துணியில் ஒட்டவில்லை. பச்சைக்கும் சாம்பலுக்கும் மூன்று. அடர் சிவப்பை மூன்று அலசிவிட்டுத் தேய்த்தால், வெள்ளைத் துணி வெட்கப்பட்ட மாதிரி ஆகிவிட்டது. நம் 'சமையல்காரர்' (மாஸ்டர் என்று எழுதக்கூடாது) கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "செவப்புக்கு அஞ்சு வேணும்மா. கறுப்புக்கு நாலு போதும்னு நெனச்சிட்டிருந்தேன், அதுவும் பத்தலை. நம்ம வசதிக்குப் பொய் சொல்லக்கூடாது" என்றார். அந்த அம்மா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்துவிட்டு, அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

போகிற வழியில் பக்கத்து வீட்டுக்கும் போனார். "உங்க மீட்டர் எங்க?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஐம்பத்தெட்டரைக்காரர் கூட்டிக்கொண்டு போய்க் கரண்ட் மீட்டரைக் காட்டியிருக்கிறார்.

பதில் எழுதாதே. நாங்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறோம். துணி இன்னும் வந்துகொண்டிருக்கிறது. பத்தாம் தேதிக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது. காலண்டரைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொள்கிறேன்.

அண்ணி


ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆபீஸ் கடிதத்தை உங்களுக்கு நாளைக்குத்தான் அனுப்புகிறார்கள். அதற்கு முன்னால் இது வந்துவிட வேண்டும் என்று தபால் நிலையத்துக்கு ஓடுகிறேன்.

துணி நிற்காது.

மற்றதை இனி நிதானமாகச் சொல்கிறேன். அறுபது நிறங்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள். நாற்பத்தொரு நிறங்களுக்கு இரண்டு அல்லது மூன்று அலசல் போதும் என்று ஏற்கெனவே உறுதியாகிவிட்டது. புதிய தாள்கள் இந்த மாதமே வரும். உங்கள் யூனிட் மஞ்சள். ஒரு வருஷத்துக்குள் எழுபதுக்கு வரவேண்டும். வெறும் அலசலைக் குறைத்தால் எண்பதுக்குத்தான் வருவீர்கள், மீதிக்கு இன்னும் யோசிக்க வேண்டியிருக்கும். கடைசி அலசல் தண்ணீரை அடுத்த லாட்டின் முதல் அலசலுக்கு எடுக்கலாம் என்று மாஸ்டர் சொன்னாராமே, அந்த அம்மா அறிக்கையில் அவர் பெயரிலேயே எழுதியிருக்கிறார்.

தெருவிலிருந்து வந்த எண்கள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டார்கள். எல்லா யூனிட்டும் மீட்டர் மாட்டி, மறுபடி அளந்து எழுதவேண்டும். ஒரு வருஷத்துக்கு நிறத்தைக் காரணம் காட்டி யாரும் யாருக்கும் துணியை நிறுத்தக்கூடாது. தையல் கம்பெனிகளோடு போடும் ஒப்பந்தத்திலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். மூன்றாம் பக்கத்தில் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்பது இப்போது எங்களுக்குத் தெரியும்.

எனக்கு வேலை இருக்கிறது. எனக்குத் தருவதாக முன்பு சொல்லியிருந்த பெரிய பொறுப்பு வேறொருவருக்குப் போய்விட்டது. என் மேஜை ஜன்னல் ஓரத்திலிருந்து வரிசையின் கடைசிக்கு வந்துவிட்டது. புதிய தாள்களைச் சரிபார்க்கிறேன். சோதிக்காத இடத்தில் 'இன்னும் தெரியாது' என்று எழுதுகிறேன். முதலில் சிரித்தார்கள், இப்போது இன்னும் இரண்டு பேர் அப்படி எழுதுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வேலையைப் பற்றி வீட்டில் சொன்னால் யாராவது வந்து உதவி கேட்பார்கள் என்று பயந்து மறைக்கவில்லை. செய்வது சரிதானா என்று எனக்கே நிச்சயமில்லை. நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்வேன் என்றுதான் மறைத்தேன். முன்பே நான் சொல்லி நீங்கள் கேட்டிருந்தால், இந்தத் தப்பு நாலு மாதத்தில் தெரிந்திருக்கும், நாலு வருஷம் ஆகியிருக்காது.

உங்கள்,
வாயாடி


ஜூன் 15

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் முதலில் வந்தது, ஆபீஸ் கடிதம் மறுநாள் வந்தது. 'துணி நிற்காது' என்ற இரண்டு சொல்லுக்குமேல் படிக்க முடியவில்லை. உன் அண்ணனைக் கூப்பிட்டு மீதியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அவர் மெஷின் பக்கத்தில் நின்று படித்தார். இரைச்சலில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. வேறு இடத்தில் விசாரித்த இரண்டு பேரும் ஒன்றுமே நடக்காத மாதிரி டீ வாங்கிக்கொண்டு வந்தார்கள். நானும் ஒன்றுமே தெரியாத மாதிரி வாங்கிக் குடித்தேன்.

நேற்று புதிய தாளோடு முதல் லாட் வந்தது. சாம்பல் நிறம், மூன்று அலசல். மூன்றாவது முடிந்ததும் மாஸ்டர் கை தானாக வால்வுக்குப் போய்விட்டது. "பழக்கம் விட மாட்டேங்குதும்மா" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மீட்டர் எழுபத்தொன்பது. பாய்லருக்கு எடுத்து வைத்த விறகில் மாலையில் மிச்சம்.

பக்கத்து ஷெட்டுக்காரரும் மீட்டர் மாட்டினார். நூற்று முப்பது. மனிதர் அரண்டுபோய்விட்டார். தேடிப் பார்த்தால் அடியில் ஒரு வால்வு பல வருஷமாக ஒழுகிக்கொண்டிருக்கிறது. மாஸ்டர் போய்ச் சரிசெய்து கொடுத்தார். நூற்று முப்பது என்றேதான் எழுதி அனுப்பியிருக்கிறார். அரை எல்லாம் போடவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பொறியாளர் அம்மா போன் செய்தார். தாள் எழுதுகிறவர்கள் எல்லாரும் உட்காரும் கூட்டத்தில் நான் வந்து பேசவேண்டுமாம். "எனக்கு மேடைப் பேச்செல்லாம் வராதுங்க" என்றேன். "எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க, போதும்" என்றார். இருபத்திரண்டாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். உன் அறையில்தான் தங்குவேன். இடம் இல்லை என்று சொல்லாதே, புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளு.

ஒன்றே ஒன்றுதான் சொல்லப் போகிறேன். தாள் எழுதும் முன்னால் ஒரு நாள் வந்து மெஷின் பக்கத்தில் நில்லுங்கள் என்று. அதை எழுதிப் பார்க்கும்போதுதான் தோன்றியது, நீயே இதுவரை வந்து நின்றதில்லை. வருவாய், வீட்டோடு இருப்பாய், கிளம்பிப் போவாய். வா என்று நானும் ஒரு தடவை கூப்பிட்டதில்லை. அது என் தப்பு.

அதனால் வருவதற்கு ஒரு டிக்கெட்டும் திரும்புவதற்கு இரண்டு டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் 'பார்க்கலாம் அண்ணி' என்பாய். இருபத்து நாலாம் தேதியிலிருந்து மூன்று நாள் லீவு எழுதிக் கொடு. நீ வருகிற அன்றைக்கு அடர் சிவப்பு ஓட்டலாம் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார், ஐந்து அலசலையும் முழுசாகப் பார்க்கலாமாம்.

கால் நனையும். பழைய செருப்பு ஒன்றை எடுத்து வை.

அன்புடன்,
அண்ணி